முன் அனுபவம் தேவையில்லை

செவ்வாய்க்கிழமை தனக்கொடிக்கு ஓட்டல் லீவு. லீவு நாளில் மற்ற பெண்கள் தலைக்குக் குளித்து, குழம்பை மணக்க மணக்க வைத்துச் சாப்பிட்டுவிட்டு, மத்தியானம் காலை நீட்டிப் படுப்பார்கள். தனக்கொடி அப்படிப் படுத்து வெகுகாலம் ஆகிறது. விடிந்ததும் சோற்றை வடித்து வைத்துவிட்டு, ரெட்டியார்பாளையத்தில் பஸ் ஏறி, கூலி ஒன்றும் வாங்காமல் முத்தியால்பேட்டைக்குப் போய் ஊரார் வீட்டுப் பெண்களுக்கு வேலை கற்றுக்கொடுத்துவிட்டு வருவாள். "சம்பளம் குடுத்தாகூட நீ இவ்ளோ வெரசா கெளம்ப மாட்ட" என்று அவள் புருஷன் வெற்றிச்செல்வன் கேலி செய்வான். அவன் சொல்வது நிஜம்தான்.

முத்தியால்பேட்டையில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் இருந்தது லாமேன் சங்கம். லா மேன் என்றால் பிரெஞ்சில் கை. அதை நடத்துகிறவள் ஜொசியான் அம்மாள். அவள் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பி, இங்கேயே கண்ணை மூடியவர். மகள் பிரான்சில். வெயில் காலத்தில் மகளோடு அங்கே, மழைக்காலத்தில் சங்கத்தோடு இங்கே என்று இருக்கும் அம்மாளை எல்லோரும் 'மதாம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஏழைப் பெண்களை ஓட்டல், ஆஸ்பத்திரி, கடைகண்ணி என்று வேலைக்குப் பழக்கி அனுப்புவது சங்கத்தின் காரியம். மதாமுக்கு நல்ல மனசு. இன்றைக்கும் அதை யாரும் மறுத்துப் பேச முடியாது. அதுதான் தொந்தரவே.

தனக்கொடி படித்தது எட்டாவது. ஆனால் கடற்கரைப் பக்கம் மெலானி ஓட்டலில் ஒரு மாடி முழுவதும் அவள் பொறுப்பு. அந்த மாடியில் ரூம் சுத்தம் செய்கிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் சூப்பர்வைசர். அந்த வேலையில் பட்ட அடியையும் கற்ற சூட்சுமத்தையும் அவள் சங்கத்துப் பெண்களுக்கு ஒளிக்காமல் அள்ளிக் கொடுத்தாள்.

அன்றைக்கும் மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஓட்டு வீட்டின் நடுக் கூடத்தில் ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்துவிட்டு, சமையலறைக் கதவை ஓட்டல் ரூம் கதவாக்கிப் பாடம் நடந்தது.

"கதவத் தட்டியாச்சு. தட்டிட்டு என்னா சொல்லணும்?"

"ஹவுஸ்கீப்பிங்."

"சொல்லிட்டு?"

"தொறக்கணும் டீச்சர்."

"தொறந்தா போச்சு போ. உள்ள இருக்கறவன் துண்டு கூட இல்லாம நிப்பான். அவன் கத்துவான், நீ கத்துவ, மானேஜரு வந்து ரெண்டு பேரையும் பாப்பாரு."

பெண்கள் ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். தனக்கொடி சிரிக்கவிட்டு நின்றாள். சிரித்தால்தான் பயம் தெளியும் என்பது அவள் கணக்கு.

"தட்டிட்டு நில்லு. உள்ள சத்தம் வருதான்னு கேளு. மறுபடியும் தட்டு. அப்பறமாத்தான் தாப்பாள்ல கை வெக்கணும். இன்னொண்ணு, ரூமுல காதுல உழுந்தது வாய்க்கு வரக் கூடாது. கெஸ்ட்டு சண்டை போட்டுகினாலும் சரி, மேல இருக்கறவங்க உன்னக் கூப்ட்டு ஒரு சேதி சொன்னாலும் சரி, அது உன்னோட நிக்கணும். வேல செய்யற எடத்துல வாய அடக்கத் தெரிஞ்சவதான் நிப்பா."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த துர்கா தலையைக் குனிந்துகொண்டாள். காலாப்பட்டுக்குப் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண் அவள். ஒரு தரம் காட்டினால் போதும், பிடித்துக்கொள்வாள். தனக்கொடிக்கு அவள்மேல் தனிப் பிரியம். அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியாது. பெண் தலைகுனிந்ததை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு, மனசு குளிர்ந்து வீட்டுக்குப் புறப்பட்டாள்.

வழியில் முத்தியால்பேட்டை மார்க்கெட் ஓரம் சுடச்சுட மசால் வடை வாங்கினாள். அஞ்சலாட்சிக்கு மசால் வடை என்றால் உயிர்.

அஞ்சலாட்சி யார் என்று சொல்லிவிட வேண்டும். வெற்றிச்செல்வனின் அண்ணன் பாவாடை. பாவாடையின் பெண்சாதி அஞ்சலாட்சி. அதாவது தனக்கொடிக்கு ஓரகத்தி. ஒரே வீட்டில் முன்கட்டு அண்ணனுக்கு, பின்கட்டு தம்பிக்கு, நடுவில் ஒரு சமையலறை. ஓரகத்திகள் ஒரு வீட்டில் இருந்தால் தெருவுக்கே நல்ல பொழுதுபோக்கு என்று காத்திருந்தவர்களுக்கு இந்த இரண்டு பேரும் ஒன்றும் தரவில்லை. மில் மூடி வெற்றிச்செல்வன் வீட்டில் உட்கார்ந்த காலத்தில், தனக்கொடியைக் கையைப் பிடித்து மெலானி ஓட்டலுக்கு அழைத்துப் போனவளே அஞ்சலாட்சிதான். அவள் அங்கே பழைய ஆள். துடைப்பம் பிடிக்கிற விதத்திலிருந்து வெள்ளைக்காரத் துரைசானிக்குச் சிரிக்கிற விதம் வரை அவள் சொல்லிக்கொடுத்ததுதான். பிறகு தனக்கொடி வாய் சாமர்த்தியத்தால் சூப்பர்வைசர் ஆனாள். அதற்கும் அஞ்சலாட்சி முகம் சுளிக்கவில்லை. "போவட்டும், எங்கிட்ட வேல வாங்க எவளோ ஒருத்தி வரத்தான் போறா, அது எங்க வூட்டுக் கழுதையாவே இருக்கட்டும்" என்றாள்.

வாசலில் அஞ்சலாட்சியின் செருப்பு கிடந்தது. அந்த நேரத்தில் அது அங்கே கிடக்க நியாயமில்லை. உள்ளே அவள் முற்றத்து ஓரம் குத்துக்காலிட்டு நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். மழைச் சாரல் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது, நகர்ந்து உட்காரவில்லை.

"என்னாக்கா, இந்நேரத்துக்கே வந்துட்ட? ஒடம்பு கிடம்பு சரியில்லயா?"

பிளாஸ்டிக் நாற்காலியில் இடுப்புக்குத் தலையணை கொடுத்து உட்கார்ந்திருந்த பாவாடைதான் பேசினார். கொத்தனார் வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பைப் போட்டுக்கொண்டவர். அதிலிருந்து முன்கட்டின் பாடு நடப்பது அஞ்சலாட்சியின் உழைப்பில்.

"ஒடம்புக்கு என்னா, கல்லு மாதிரி இருக்குது. வேலதான் போயிடுச்சு."

"என்னா மாமா சொல்றீங்க?"

"நாளயிலேர்ந்து வர வேணாம்னுட்டாராம் மானேஜரு. இவள மட்டும் இல்ல, பழைய பொம்பளைங்க எல்லாரையும். சீசனுக்குப் புது ஆளுங்க வர்றாங்களாம். எங்கேர்ந்து வர்றாங்கன்னு ஒனக்குத் தெரியாதாம்மா?"

"சத்தியமா தெரியாது மாமா."

"லாமேன் சங்கத்துலேர்ந்து. நீ பழக்கிவுட்ட பொண்ணுங்க."

தனக்கொடிக்குக் கையில் இருந்த வடைப் பொட்டலம் சுட்டது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

"அதுகூடப் போவட்டும்" என்றார் பாவாடை. அவர் குரல் உயரவே இல்லை. "நீ சொன்னியாமே, எங்கக்காவவிட இந்தப் பொண்ணு நல்லா பெட்டு போடும்னு. இவ அழுதுகினு கேட்டதுக்கு மானேஜரு அதச் சொன்னாராம். 'ஒங்க வூட்டு ஆளே சொல்றப்ப நான் என்னாம்மா பண்ணட்டும்'னு."

அப்போதுதான் அஞ்சலாட்சி நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி மீனைக் கிள்ள ஆரம்பித்தாள். ஏசியிருந்தால் தனக்கொடி காலில் விழுந்திருப்பாள். அந்தப் பார்வைக்கு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

சொன்னது வாஸ்தவம். ஐப்பசி மழை தொடங்கி ஓட்டலில் ஆள் நடமாட்டம் இல்லாமல் ரூம்கள் சும்மா கிடந்த சமயம் அது. வெறும் பாயில் எத்தனை நாளைக்குப் பெட் போடப் பழக்குவது என்று தனக்கொடியே மானேஜர் விஜயராகவனிடம் போய் நின்றாள். "சார், எங்க சங்கத்துப் பொண்ணுங்கள ஒரு ரெண்டு நாளு கூட்டியாந்து நெஜ ரூமுல பழக்கட்டுங்களா? ஓட்டலுக்கும் சும்மா வேல ஆவும்." அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார். அஞ்சலாட்சிக்கு அன்றைக்குக் கல்யாண வீட்டுக் குதூகலம். விடியற்காலையில் எழுந்து பெண்களுக்கெல்லாம் புளிச்சோறு கிளறி எடுத்து வந்தாள். துர்காவின் எதிர்ப்பக்கம் நின்று ஷீட்டைப் பிடித்துக்கொடுத்தவளும் அவள்தான்.

துர்கா போட்ட பெட்டில் ஒரு சுருக்கம் இல்லை. எட்டிப் பார்த்த மானேஜர், "யாரும்மா போட்டது?" என்றார். அந்தக் குடும்பத்தில் ஒருத்தியை நேருக்கு நேர் புகழ்கிற வழக்கம் கிடையாது. ஒருத்தியைத் தூக்க வேண்டுமானால் பக்கத்தில் இருப்பவளை வாரிவிடுவார்கள். அதுதான் அங்கே புகழ்ச்சி. தனக்கொடியை முதன்முதலில் கொண்டுபோய் நிறுத்தியபோது அஞ்சலாட்சி சொன்னதும் அப்படித்தான்: "நான்லாம் இவ கால் தூசு பெற மாட்டேன் சார், சேத்துக்குங்க." அந்தப் பழக்கத்தில் தனக்கொடியும் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "துர்காதான் சார். எங்கக்கா இத்தினி வருசமா போடற பெட்ட ஒரே நாள்ல தோக்கடிச்சிட்டா பாருங்க. அக்காவ இனிமே வூட்டுக்கு அனுப்பிடலாம்." அஞ்சலாட்சி அவள் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டுச் சிரித்தாள். பெண்களும் சிரித்தார்கள். மானேஜரும் சிரித்தார். அவர் வேறெங்கோ பிறந்து வளர்ந்தவர். அவர் எதற்குச் சிரித்தார் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

"அக்கா, வெளாட்டுக்குச் சொன்னதுக்கா அது. நீயும் பக்கத்துல தான இருந்த."

அஞ்சலாட்சி ஆய்ந்த மீனை அலசி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் ஓட்டலில் தன் மாடிக்கு ஏறியதும் எதிரே சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு துர்கா வந்தாள். புதுச் சீருடை. தோளில் மடிப்புக்கூடக் கலையவில்லை.

"குட்மார்னிங் டீச்சர்."

தனக்கொடி அவளை ஷீட்டு அடுக்குகிற ரூமுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"எது டீச்சர்?"

"நடிக்காதடி."

துர்கா கீழே பார்த்தாள். "தீவாளிக்கு முன்னாடியே மதாம் கூப்ட்டுச் சொன்னாங்க. எங்க எல்லாருக்கும்."

"எல்லாருக்குமா? என்னத் தவிர எல்லாருக்கும். இத்தினி நாளா என் எதுர உக்காந்துகினு, நான் சொன்னதுக்கெல்லாம் சிரிச்சிகினு... எங்கக்கா கையால சோறு வாங்கித் துன்னியேடி. அந்தச் சோறு செரிச்சுதா ஒனக்கு?"

"நீங்கதான டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க, மேல இருக்கறவங்க சொன்ன சேதி நம்மளோட நிக்கணும்னு. டீச்சர்கிட்ட சொல்லாதீங்க, அவங்க வருத்தப்படுவாங்கன்னு மதாம் சொன்னாங்க. நான் சொல்லல."

தனக்கொடிக்கு ஓங்கி அறையலாம் போல இருந்தது. கையும் எழுந்தது. பெண் நகராமல் கன்னத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

"அடிங்க. அடிச்சிட்டு ஒண்ணு சொல்லுங்க. எங்கம்மா காலாப்பட்டுலேர்ந்து மீன் கூடயத் தூக்கிகினு தெருத் தெருவா போவுது. முட்டி ரெண்டும் வீங்கிப் போச்சு. இந்த எடம் எனக்கு வேணாம்னா பின்னாலயே இன்னொரு பொண்ணு வந்து ஏறிக்குவா. அப்ப நான் நல்லவ. எங்கம்மா கூடயத் தூக்கிகினே இருக்கும். அதான டீச்சர் ஒங்களுக்கு வேணும்?"

தனக்கொடி எழுந்த கையால் சீருடையின் காலரைச் சரிசெய்துவிட்டு, "போ, பதினாறாம் நம்பரு ரூமு காலியாயிருக்கு. பாத்ரூம மொதல்ல பாரு" என்றாள். அவள் போன பிறகு, வெளுத்து வந்த ஷீட் அடுக்கில் முகத்தை வைத்து, சத்தம் வராமல் அழுதாள். பெற்ற மகள் இல்லாதவள் தனக்கொடி. அந்தப் பெண்ணை மகள் என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாதது நல்லதாகப் போயிற்று என்று இப்போது நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் மழையோடு மழையாக ஜொசியான் அம்மாள் வீட்டுக்குப் போனாள். அம்மாள் துண்டை எடுத்து நீட்டினாள். தலையைத் துவட்டு என்றாள். பால் காபியும், தொட்டுச் சாப்பிட நீள ரொட்டியில் இரண்டு துண்டும் கொண்டுவந்து வைத்தாள். தனக்கொடி எதையும் தொடவில்லை.

"மதாம், எங்கக்காவ வேலய வுட்டு நிறுத்திட்டாங்க."

"தெரியும் மா ஃபீய். எனக்கும் ராத்திரியெல்லாம் தூக்கமில்லை."

மா ஃபீய் என்றால் பிரெஞ்சில் 'என் மகளே' என்று அர்த்தம். அம்மாள் எல்லாப் பெண்களையும் அப்படித்தான் அழைப்பாள். அன்றைக்கு அது தனக்கொடிக்குக் காதில் ஈ புகுந்தது போல இருந்தது.

"தீவாளிக்கு முன்னாடியே தெரியுமாம் ஒங்களுக்கு."

"தெரியும். நான் பொய் சொல்ல மாட்டேன் தனம். நீ பெண்களைக் கூட்டிக்கொண்டு போனாயே, அதுக்கு அடுத்த வாரம் மானேஜர் இங்கே வந்தார். இனிமேல் ஆள் எடுத்தா சங்கம் வழியாத்தான் எடுப்பேன்னார். முன் அனுபவமே இல்லாதவங்கதான் வேணுமாம். பழைய ஆளுக்குப் பழைய பழக்கம் இருக்கும், லீவு கேக்கும், சண்டை போடும், புதுசுன்னா நாம சொன்னபடி வளையும்னார். வேலை பழகுநர்னு, அதான் அப்ரண்டிஸ்னு, சேத்துக்குவாராம். எத்தனை பேர் அனுப்பினாலும் எடம் உண்டுன்னார். ஒரு சங்கத்துக்கு இதைவிட என்ன வேணும் சொல்லு? எத்தனை வாசல்ல நான் கையேந்தி நின்னிருக்கேன், ஒரு பெண்ணுக்கு ஒரு வேலை குடுங்கன்னு."

"பழைய ஆளுங்கள அனுப்பிடுவோம்னு அவரு சொல்லலயா?"

ஜொசியான் அம்மாள் ரொட்டித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"சொன்னார்."

"அத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ பாடம் எடுக்க வர மாட்ட. நீ இல்லாம அந்தப் பெண்களுக்கு யார் சொல்லிக் குடுப்பா?"

ஒளிவுமறைவே இல்லாமல் அம்மாள் சொன்னாள். அத்தனை மரியாதையாக, அத்தனை நம்பிக்கையாகத் தன்னை யாரும் ஏமாற்றியதில்லை என்று தனக்கொடிக்குத் தோன்றியது. எத்தனையோ செவ்வாய்க்கிழமைகளின் தூக்கம், பஸ்ஸில் நின்ற கால்கடுப்பு, தொண்டை வறண்ட பேச்சு, எல்லாம் சேர்ந்து அவளுடைய அக்காவின் கழுத்தில் கத்தியாகப் போய் இறங்கியிருந்தது. இறக்கின கை அவளுடையது. அந்தக் கையைப் பிடித்து இறக்க வைத்தவள் எதிரே காபி ஆறுகிறதே என்று கவலைப்படுகிறாள்.

"பழகுநரா எவ்ளோ நாளு வெச்சிருப்பாங்க?"

"ரெண்டு வருஷம்."

"அப்பறம்?"

"அப்புறம் அவங்க சாமர்த்தியம்."

"அப்பறம் அதுங்களும் பழைய ஆளா ஆயிடும் மதாம். லீவு கேக்கும். சண்ட போடும். அப்ப நீங்க வேற பொண்ணுங்கள அனுப்புவீங்க. நான் பழக்கிக் குடுப்பேன். அப்படித்தான?"

அம்மாளுக்குக் கண் கலங்கியிருந்தது. நல்லவர்கள் அழுதால் எதிராளிக்கு ஒன்றும் செய்ய முடியாமல் போய்விடுகிறது. "செவ்வாய்க்கிழம வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தனக்கொடி எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டில் அஞ்சலாட்சி சண்டை போடவில்லை. தனக்கொடியோடு நேரே பேசுவதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். சமையலறை ஒன்றுதான். அடுப்படியில் இரண்டு பேரும் முழங்கை இடித்துக்கொண்டுதான் நின்றார்கள். உப்பு வேண்டுமென்றால், "உப்பு எங்க வெச்சாங்களோ" என்று சுவரைப் பார்த்துக் கேட்பாள். தனக்கொடி எடுத்து நீட்டினால் வாங்க மாட்டாள். மேடைமேல் வைத்தால் எடுத்துக்கொள்வாள். அவள் வைத்த கருவாட்டுக் குழம்பில் தனக்கொடியின் பங்கும் எப்போதும் போல் இருந்தது. வஞ்சனையில்லாமல் போட்டு மூடி வைத்திருப்பாள். அந்தச் சோறு தனக்கொடிக்கு இறங்கவில்லை. துர்காவைக் கேட்ட கேள்வி இப்போது தன்னிடமே திரும்பி வந்தது.

பகல் பொழுதில் அஞ்சலாட்சி வேலை தேடிப் போய் வந்தாள். கடற்கரைப் பக்கம் இருக்கிற ஓட்டல், விடுதி எல்லாம் ஏறி இறங்கினாள். வயசைக் கேட்டார்கள். மெலானியில் ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டார்கள். சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். நனைந்த சேலையைக் கொடியில் போட்டால் அது காய்வதற்குள் மறுநாள் வந்துவிடும். பாவாடையை ஆஸ்பத்திரியில் காட்டக் கூட்டிப்போகிற முறை வந்தபோது, "இந்தத் தடவ வேணாம், நோவு கொறவாத்தான் இருக்குது" என்று அவரே சொல்லிவிட்டார். இரவெல்லாம் அவர் முனகுவது பின்கட்டுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

வெற்றிச்செல்வன் சேதராப்பட்டில் கம்பெனி வேலை முடிந்து வந்து, பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்து ஒருநாள் வெடித்தான்.

"ரெண்டையும் வுட்டுத் தொலை. சங்கமும் வேணாம், ஓட்டலும் வேணாம். எங்கண்ணிய அனுப்பின எடத்துல நீ நின்னு சோறு சம்பாரிக்கணுமா? த்தூ."

தனக்கொடியும் அதைத்தான் நினைத்திருந்தாள். "நாளைக்கே எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்" என்றாள்.

முன்கட்டிலிருந்து அஞ்சலாட்சியின் குரல் வந்தது. கொழுந்தனிடம்தான் பேசினாள்.

"தம்பி, வேலய வுடச் சொல்லாத. ரெண்டு கட்டுலயும் கஞ்சி காய்ச்சணும்னா ஒருத்திக்காவது சம்பளம் வரணும். ரோசத்த வெச்சிகினு ஒங்கண்ணனுக்கு மாத்திர வாங்க முடியாது."

"அண்ணி, நீங்களே இப்படிச் சொன்னா..."

"நான் ஒருத்தர நம்பினேன். நம்பினது போச்சு. அது வேற. பசி வேற."

அன்றைக்குத் தனக்கொடி ஒரு முடிவுக்கு வந்தாள். ஓட்டலை விட முடியாது, சரி. சங்கத்தை விடலாம். சும்மா விட்டால் போதாது. செவ்வாய்க்கிழமை புதுப் பெண்கள் சேருகிறார்கள். அவர்களைக் கூட்டி உட்கார வைத்து, பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் போகிற இடம் காலி இடமில்லை, ஒரு பொம்பளையை எழுப்பிவிட்டுப் போட்ட நாற்காலி. ரெண்டு வருஷத்தில் உங்களையும் எழுப்புவார்கள். வீட்டுக்குப் போங்கள், நான் கற்றுத்தர மாட்டேன், வேறு யாரிடமும் கற்காதீர்கள். மதாம் எதிரிலேயே சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வந்து அக்காவிடம், சொன்னேன் என்று சொல்ல வேண்டும். பேசாவிட்டாலும் காதில் விழும் அல்லவா. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை வாய்க்குள்ளேயே ஓட்டிப் பார்த்துக்கொண்டு போனாள். மனசில் கொஞ்சம் தெம்புகூட வந்திருந்தது.

கூடம் நிறையப் பெண்கள். மெலானியில் வேலை கிடைக்கிறது என்ற சேதி குப்பம் வரைக்கும் போய்விட்டிருந்தது. ஜொசியான் அம்மாள் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தனக்கொடியைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்கச் சகிக்கவில்லை. முதல் நாள் பாடம் எப்போதும் ஒன்றுதான்: வேலை கேட்டுப் போகிற இடத்தில் எழுந்து நின்று, பேர், ஊர், முன்பு செய்த வேலை மூன்றையும் கூச்சமில்லாமல் சொல்லப் பழகுவது. பெண்கள் அதற்காகக் காத்திருந்தார்கள்.

தனக்கொடி தொண்டையைச் செருமினாள். "பொண்ணுங்களா, பாடத்துக்கு முன்னாடி ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள்.

அப்போது வாசலில் ஒருத்தி குடையை மடக்கி உதறிவிட்டு உள்ளே வந்தாள். தலையைப் படிய வாரி, துவைத்து மடித்த நீலச் சேலை கட்டியிருந்தாள். யாரையும் பார்க்காமல் கடைசிப் பாயில் போய், மகள் வயசுப் பெண்களுக்கு நடுவில், சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அஞ்சலாட்சி.

ஜொசியான் அம்மாள் பாதி எழுந்தாள். "நீங்க..."

"சேர வந்திருக்கேங்க" என்றாள் அஞ்சலாட்சி. "ஓட்டல்ல மறுபடியும் போயிக் கேட்டேன். பழைய ஆளுன்னு எடுக்க மாட்டாங்களாம். சங்கத்துல பழகிகினு புது ஆளா வந்தா பாக்கறேன்னாரு மானேஜரு. வயசு கணக்கு ஒண்ணும் இல்லீங்களே?"

"இல்லை, இல்லை" என்றாள் அம்மாள்.

தனக்கொடிக்கு வாய்க்குள் ஓட்டிப் பார்த்த பேச்செல்லாம் நின்றுபோயிற்று. இதைச் சொன்னால் இந்தக் கூடம் கலையும். கலைந்தால் ஊரிலேயே அக்காவுக்கு மிச்சமிருக்கிற ஒரே வாசலை அவளே இரண்டாம் தடவை சாத்தினவள் ஆவாள். பெண்கள் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லுங்க டீச்சர், என்னாவோ சொல்ல வந்தீங்க" என்றது ஒரு பெண்.

"ஒண்ணுமில்ல. ஒவ்வொருத்தரா எழுந்து சொல்லுங்க."

ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். பேர் சொன்னார்கள், ஊர் சொன்னார்கள், வெட்கப்பட்டுச் சிரித்து உட்கார்ந்தார்கள். தனக்கொடி திருத்தினாள்: நிமிந்து நில்லு, கண்ணப் பாத்துப் பேசு, சத்தமா. திருத்தியது அவள் வாய் மட்டும்தான். கடைசியில் அஞ்சலாட்சியின் முறை வந்தது. அவள் முட்டியில் கையூன்றி எழுந்தாள். நிமிர்ந்து நின்றாள். அத்தனை நாளுக்குப் பிறகு தனக்கொடியின் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"என் பேரு அஞ்சலாட்சி. ஊரு ரெட்டியார்பாளையம். இதுக்கு முன்னாடி எங்கயும் வேல செஞ்சதில்ல. முன் அனுபவம் ஒண்ணும் கெடயாது."

"அக்கா..." என்றாள் தனக்கொடி. அத்தனை பேர் இருக்கிறார்களே என்ற நினைப்பும் போய்விட்டது. "தப்பு எம்மேலதான்க்கா. என்ன ரெண்டு அடி அடிச்சிடுக்கா. இப்படி நிக்காதக்கா."

அஞ்சலாட்சி அசையவில்லை.

"அது கெடக்கட்டுங்க டீச்சர். நான் இப்ப சொன்னேனே, அங்க போயி இப்படிச் சொன்னா சேத்துக்குவாங்களா? அத மட்டும் சொல்லுங்க."

ஓட்டின்மேல் மழை விழுந்துகொண்டிருந்தது. தனக்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சேத்துக்குவாங்க" என்றாள்.

அஞ்சலாட்சி தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.